மலைச்சரிவில் ஒரு மூத்த மாணவர்

நுழையும்முன்

கற்பதற்கு வயது வரம்பு உண்டா? விழுந்தால் பிறர் சிரிப்பார்கள் என்னும் அச்சம் நம் முயற்சிகளை எவ்வளவு தடுக்கிறது? தொடங்கிய செயலைப் பாதியில் நிறுத்துவது எப்போதும் தோல்விதானா? இவ்வினாக்களை மனத்தில் கொண்டு பின்வரும் பயணக்கட்டுரையைப் படியுங்கள்.

கற்றல் நோக்கங்கள்

* பயணக்கட்டுரையைப் படித்துப் பொருள் உணர்தல்.
* பனி, மலை சார்ந்த சொற்களை அறிந்து பயன்படுத்துதல்.
* எதிர்மறைப் பெயரெச்சம், எதிர்மறை வினையெச்சம் ஆகியவற்றை இனங்காணல்.
* தவறு நேருமோ என்று அஞ்சாமல் தமிழில் பேசுதல்.

பாடம்

நான் ஸ்ரீநகரில் பணியேற்ற மூன்றாம் ஆண்டு அது. காவிரிக் கரையில் பிறந்து வளர்ந்த எனக்குப் பனி என்பது மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்கும் நீர்த்துளியே. ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்த தமிழர், அவற்றுள் இரண்டுக்கு முன்பனி, பின்பனி என்று பெயரிட்டனர். அந்தப் பனி தலையை நனைக்கும். கதிரவன் எழுந்ததும் மறையும். காஷ்மீரத்துப் பனியோ வாயிற்கதவை மூடிவிடும். டிசம்பர் 21ஆம் நாள் தொடங்கும் நாற்பது நாள் கடுங்குளிரை அங்குள்ளோர் ‘சில்லை கலான்’ என்பர். அதனை அடுத்து வரும் இருபது நாள் ‘சில்லை குர்த்’. அதற்கும் பிந்திய பத்து நாள் ‘சில்லை பச்சா’. பெரிய குளிர், சிறிய குளிர், குழந்தைக் குளிர் என்று குளிருக்கும் ஒரு குடும்பம் வகுத்து வைத்திருக்கிறார்கள்.

ஒவ்வோர் ஆண்டும் குளிர்கால விடுமுறையில் ஊருக்குச் சென்றுவிடும் நான், அவ்வாண்டு தங்கிவிட்டேன். விமானக் கட்டணம் ஒரு காரணம். இக்குளிரை ஒரு முறையேனும் முழுமையாகப் பார்த்துவிட வேண்டும் என்னும் எண்ணம் மற்றொரு காரணம். பிப்ரவரித் தொடக்கத்தில் ஒரு நாள் தொலைபேசி ஒலித்தது. எங்கள் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராகப் பணியாற்றி, நான் சேர்வதற்கு முந்தைய ஆண்டில் ஓய்வு பெற்றவர் பேசினார். கார்வால் மலைநாட்டைச் சேர்ந்த அவருக்கு அப்போது வயது அறுபத்து மூன்று.

“குல்மர்க் செல்கிறேன், மேடம். நான்கு நாள் பயணம். நம் பள்ளி மாணவி ஒருத்தியின் குடும்பமும் வருகிறது. நீங்களும் வாருங்களேன்” என்று இந்தியில் அழைத்தார்.

“சுற்றிப் பார்க்கவா, சார்?” என்று கேட்டேன்.

“இல்லை, சறுக்க” என்றார்.

ஈராண்டுகளுக்கு முன்பு அவருக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. இனி ஸ்னோபோர்டு வேண்டாம் என்று அவர் மகள் சொல்லியிருந்தார். மருத்துவரோ, காலைப் பழக்கிய பின்னர்ப் பார்க்கலாம் என்று கூறியிருந்தார். ஓராண்டுக் காலம் நாள்தோறும் உடற்பயிற்சி செய்து, மருத்துவரின் ஒப்புதலையும் பெற்ற பிறகே அவர் புறப்பட்டார். “இனி என்னால் முடியுமா, முடியாதா என்பதை வீட்டு நாற்காலியில் அமர்ந்தபடி அறிய இயலாது அல்லவா?” என்று அவர் கேட்டபோது எனக்கு மறுமொழி தோன்றவில்லை.

ஸ்ரீநகரிலிருந்து ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் தொலைவில், பாரமுல்லா மாவட்டத்தில் அமைந்துள்ளது குல்மர்க். பூக்களின் புல்வெளி என்பது அப்பெயரின் பொருள். தங்மர்க்கில் சக்கரங்களுக்கு இரும்புச் சங்கிலி பூட்டிக்கொண்டு எங்கள் வண்டி தேவதாரு மரங்களினூடே மெல்ல ஏறியது. குல்மர்க் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரத்தில் உள்ளது. நீலகிரியின் மிக உயர்ந்த சிகரமான தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர். நம் ஊர் மலையின் உச்சி எங்கே முடிகிறதோ, அந்த உயரத்தில்தான் அங்கு அடிவாரமே தொடங்குகிறது.

எங்களுடன் வந்த மாணவி எட்டாம் வகுப்பில் படிப்பவள். மதுரையிலிருந்து மத்திய அரசுப் பணியின் பொருட்டு வந்தவர் அவள் தந்தை. தமிழை விருப்பமொழியாகக் கற்று வந்த அவளுக்கு நான் பேசுவது முழுதும் விளங்கும். ஆயினும் ஒரு சொல்கூடத் தமிழில் பேசமாட்டாள். சென்ற கோடையில் மதுரைக்குச் சென்றபோது அவள் பேசிய தமிழைக் கேட்டு உறவினர் பிள்ளைகள் சிரித்துவிட்டனராம். அன்று மூடிய வாய், வகுப்பிலும் திறக்கவில்லை.

முதல் நாள் எங்கள் மூத்தவர் உயரமான சரிவுகளின் பக்கம் செல்லவே இல்லை. சிறுவர்கள் பழகும் தாழ்ந்த சரிவுக்குச் சென்றார். ஸ்கீ விளையாட்டில் காலுக்கு ஒன்றாக இரு சட்டங்கள் இருக்கும். கையில் இரண்டு கோல்கள் இருக்கும். ஸ்னோபோர்டில் இரு கால்களையும் ஒரே பலகையில் குறுக்குவாட்டில் பிணைத்துக்கொள்ள வேண்டும். ஊன்றிக்கொள்ளக் கோல் கிடையாது. பலகையின் குதிகால் பக்க விளிம்பையும் விரல் பக்க விளிம்பையும் மாற்றி மாற்றி அழுத்தியே திரும்பவும் நிற்கவும் வேண்டும். அவர் பலகையைப் பூட்டிக்கொண்டு பத்தடி தூரம் சறுக்கினார். பிறகு வேண்டுமென்றே விழுந்தார். எழுந்தார். மீண்டும் விழுந்தார். ஏழெட்டு வயதுக் குழந்தைகள் அவரைச் சுற்றி நின்று சிரித்தனர். எங்கள் மாணவியும் சிரித்தாள். அவர் நிறுத்தவில்லை.

“ஏன் வேண்டுமென்றே விழுகிறீர்கள்?” என்று அவள் இந்தியில் கேட்டாள்.

“எப்படியும் விழப்போகிறேன். எப்படி விழுவது என்பதை உடம்புக்கு நினைவூட்டுகிறேன். விழும்போது உள்ளங்கையை ஊன்றினால் மணிக்கட்டு முறியும். ஸ்னோபோர்டு பழகுவோர்க்கு மிகுதியாக நேரும் காயம் அதுதான். முன்புறம் விழுந்தால் விரல்களை மடக்கி, முன்கை முழுவதும் தரையில் படும்படி விழ வேண்டும். பின்புறம் விழுந்தால் உட்காருவது போலத் தாழ்ந்து, தாடையை மார்போடு சேர்த்து உருள வேண்டும்” என்று செய்து காட்டினார்.

அன்றிரவு பனி கொட்டத் தொடங்கியது. மறுநாள் முழுவதும் ஓயவில்லை. மேல்மலைக்குச் செல்லும் கம்பிவடக் கூண்டு நிறுத்தப்பட்டது. விடுதியில் கஹ்வாத் தேநீரைப் பருகியபடி அவர் பலகையின் அடிப்புறத்தில் மெழுகைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் வீணாகிவிட்டதே என்று நான் வருந்தினேன். “மலை திறக்கும்போது திறக்கட்டும், மேடம்” என்றவர், தாம் கற்ற கதையைக் கூறினார்.

அவர் ஸ்னோபோர்டு கற்கத் தொடங்கியது நாற்பத்தாறாம் வயதில். கற்பித்தவர் உள்ளூர் இளைஞர், வயது இருபத்திரண்டு. முதல் பருவம் முழுவதும் விழுந்துகொண்டே இருந்தாராம். ஒரு நாள் சுற்றுலா வந்த அவருடைய மாணவர்களே அதனைப் பார்த்துவிட்டனராம்.

“வெட்கமாக இல்லையா, சார்?” என்றேன்.

“இருந்தது. ஆனால், அன்று ஒன்றை உணர்ந்தேன். அதுவரை ஓட்டப்பந்தயத்தில் கீழே விழும் பிள்ளையைப் பார்த்து ‘எழுந்திரு’ என்று மட்டும் உரக்கச் சொல்வேன். எப்படி எழுவது என்று இருபது ஆண்டுகளாக ஒருவருக்கும் நான் சொல்லிக் கொடுத்ததில்லை” என்றார்.

அருகில் அமர்ந்திருந்த மாணவி அதனைக் கேட்டுக்கொண்டிருந்தாள். நானும் என் வகுப்பறையை நினைத்துக்கொண்டேன். ‘பேசு, பேசு’ என்று அவளிடம் எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்!

மூன்றாம் நாள் வானம் தெளிந்தது. குல்மர்க்கின் கம்பிவட ஊர்தியைக் கண்டோலா என்பர். அது இரு கட்டங்களைக் கொண்டது. 1998இல் இயங்கத் தொடங்கிய முதற்கட்டம், ஏறத்தாழ 3,080 மீட்டர் உயரத்திலுள்ள கொங்டூரி வரை செல்லும். 2005இல் திறக்கப்பட்ட இரண்டாம் கட்டம், ஏறத்தாழ 3,950 மீட்டர் உயரத்திலுள்ள அபர்வத் மலைமுகடு வரை செல்லும். புதுப்பனி விழுந்த பின்னர்ப் பனிச்சறுக்குக் காவற்குழுவினர் சரிவைச் சோதித்து அனுமதித்தால்தான் மேல்நிலையிலிருந்து சறுக்க முடியும். அனுமதி கிடைத்தது. மாணவியின் குடும்பம் கொங்டூரியில் தங்க, அவரும் நானும் மேலே சென்றோம்.

அவர் தலைக்கவசம் அணிந்திருந்தார். பனிச்சரிவில் புதையுண்டவரைக் கண்டறிய உதவும் அலைபரப்பிக் கருவியை மார்போடு கட்டியிருந்தார். முதுகுப்பையில் மண்வாரியும் நீண்ட துழாவுகோலும் இருந்தன. பனிக்குள் புதைந்தவரை முதல் பத்துப் பதினைந்து நிமிடங்களுக்குள் தோண்டி எடுத்தால் பிழைக்கும் வாய்ப்பு மிகுதி. அதன்பின் அவ்வாய்ப்பு விரைந்து குறையும். எனவே உடன் செல்வோர் ஒவ்வொருவரிடமும் இம்மூன்றும் இருக்க வேண்டும் என்றார்.

முகட்டில் இறங்கியதும் எனக்கு மூச்சு வாங்கியது. அங்குக் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்கைவிடவும் குறைவு. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வெண்மை. எல்லைக் கயிற்றுக்கு அப்பால், ஒருவர் தடமும் படாத ஒரு சரிவு வெயிலில் மின்னியது. மூன்று இளைஞர்கள் அங்குச் செல்ல ஆயத்தமாயினர். “அங்கிள், எங்களோடு வாருங்கள். இப்படிப்பட்ட பனி மீண்டும் கிடைக்காது” என்று அழைத்தனர்.

அவர் நெடுநேரம் அச்சரிவைப் பார்த்தார். அவர் கண்களில் ஆசை தெரிந்தது. இதற்காகத்தானே ஓராண்டு காலைப் பழக்கினார்! பின்னர் அமைதியாகக் கூறினார்: “நேற்று முழுவதும் பனி விழுந்தது. இரவில் காற்று அடித்தது. காற்று கொண்டுவந்து குவித்த பனி, பழைய பனியோடு இன்னும் ஒட்டியிராது. இச்சரிவு முப்பது பாகையைவிடச் செங்குத்தாக இருக்கிறது. முப்பது முதல் நாற்பத்தைந்து பாகை வரை சாய்ந்த இடங்களிலேதான் பனிச்சரிவு மிகுதியாக நிகழும். இன்றைய அபாய அறிவிப்பு ஐந்து நிலைகளில் மூன்றாவது. கயிற்றுக்கு அப்பால் காவற்குழு சோதிப்பதில்லை. நான் வரவில்லை. நீங்களும் எண்ணிப் பாருங்கள்.”

இளைஞர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டு சென்றுவிட்டனர். அவர் கயிற்றுக்கு உட்பட்ட சரிவில் இறங்கினார். பலகை இடமும் வலமும் வளைந்து வளைந்து சென்றது. வேகம் மிகவில்லை, தடுமாற்றமும் இல்லை. வெண்தாளில் ஒருவர் நிதானமாகக் கையெழுத்திடுவது போல இருந்தது. ஓரிடத்தில் விழுந்தார். முன்கையை மடக்கி விழுந்து, முழங்காலிட்டு, எழுந்தார்.

நான் கூண்டில் இறங்கிக் கொங்டூரியை அடைந்தபோது அவரும் அங்கு வந்துசேர்ந்தார். கீழ்ப்பாதிச் சரிவு எஞ்சியிருந்தது. அவர் குனிந்து பலகையைக் கழற்றினார்.

“ஏன், சார்? எளிய பாதிதானே மீதம்?” என்றேன்.

“முழங்கால் நடுங்குகிறது. களைத்த காலோடு எளிய சரிவில் இறங்கும்போதுதான் பலருக்கு அடிபடுகிறது. இன்றைக்கு இது போதும்” என்றார். ஓராண்டாகக் காத்திருந்த மனிதர் பலகையைத் தோளில் சாய்த்துக்கொண்டு கூண்டுக்கான வரிசையில் நின்றார். அவர் முகத்தில் சிறிது வருத்தம் இருந்தது. அதனை அவர் மறைக்கவில்லை.

நாங்கள் வரிசையில் நிற்கும்போதே அவ்விளைஞர்கள் மூவரும் ஆரவாரத்துடன் வந்து சேர்ந்தனர். அவர்களுக்கு ஒன்றும் நேரவில்லை. “நீங்களும் சென்றிருக்கலாமே, சார்” என்று என் வாய் தவறி வந்துவிட்டது.

“அவர்கள் நலமாக வந்தது எனக்கு மகிழ்ச்சி. அதனால் என் முடிவு தவறு என்றாகிவிடாது, மேடம். மலை இன்று அவர்களை விட்டுவிட்டது. நாளையும் விடும் என்பதற்கு அது உறுதி அன்று” என்றார்.

கூண்டு கீழே இறங்கியது. தேவதாரு மரங்களின் உச்சிகள் எங்கள் காலடியில் நகர்ந்தன. ஒருவரும் பேசவில்லை. திடீரென்று எங்கள் மாணவி என்னைப் பார்த்துத் தமிழில் கேட்டாள்:

“மேம், தாத்தா நாளைக்கும் விழுந்தாங்களா?”

அவள் தந்தை திகைத்து நிமிர்ந்தார். காலம் பிழையாக இருந்தது. அதனைத் திருத்துவதற்கு ஆசிரியப் பழக்கம் என்னை முந்தியது. ஆயினும், அடக்கிக்கொண்டு, “ஆமாம்மா, நாளைக்கும் விழுவார்” என்று விடை கூறினேன்.

அவள் ஒரு நொடி எண்ணினாள். “விழுவார். அப்புறம் எழுந்திருப்பார்” என்றாள்.

“என்ன சொல்கிறாள்?” என்று பெரியவர் கேட்டார். நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் உரக்கச் சிரித்தார். “சரியாகத்தான் சொல்கிறாள். நாளை காலை ஒன்பது மணிக்கு, குழந்தைகள் சரிவில்” என்றார்.

மறுநாள் அவர் விழுந்தார், எழுந்தார். அவளும் ஒரு சிறிய பலகையை வாடகைக்கு வாங்கி அவர் அருகில் நின்றாள். அவ்வாண்டு பள்ளி திறந்ததும் வகுப்பில் முதலில் எழுந்து தமிழில் படித்தவள் அவளே. மூன்று இடங்களில் தவறினாள். பிறர் சிரித்தனர். அவள் நிறுத்தவில்லை.

தெரிந்துகொள்வோம்

ஸ்னோபோர்டின் முன்னோடி ஒரு விளையாட்டுப் பொருளே. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் மஸ்கிகன் என்னும் ஊரில் வாழ்ந்த ஷெர்மன் பாப்பன், 1965ஆம் ஆண்டு கிறித்துமஸ் நாளில், தம் மகள்கள் பனியில் விளையாடுவதற்காக இரண்டு ஸ்கீ சட்டங்களை ஒன்றாக இணைத்தார். பனி, கடலலைச் சறுக்கு ஆகியவற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களை இணைத்து அது ‘ஸ்னர்ஃபர்’ எனப்பட்டது. பின்னாளில் ஜேக் பர்ட்டன், டாம் சிம்ஸ் முதலியோர் காலைப் பிணைக்கும் பலகைகளை உருவாக்கினர். தொடக்கத்தில் பனிச்சறுக்கு மையங்கள் பலவும் ஸ்னோபோர்டை அனுமதிக்கவில்லை. 1998இல் ஜப்பானின் நாகனோ நகரில் நடைபெற்ற குளிர்கால ஒலிம்பிக்கில் அது முதன்முதலாக இடம்பெற்றது. இதற்கெல்லாம் வித்திட்ட பாப்பன், தற்கால ஸ்னோபோர்டில் சறுக்கக் கற்றது தம் அறுபது வயதைக் கடந்த பின்னரே.

2020ஆம் ஆண்டு கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுப் போட்டிகள் குல்மர்க்கில் நடைபெற்றன.

சொல்லும் பொருளும்

* பெரும்பொழுது – ஆண்டின் ஆறு பருவப் பிரிவு
* முகடு – உச்சி
* பாகை – கோணத்தின் அளவு
* பனிச்சரிவு – மலையிலிருந்து பனித்திரள் பெயர்ந்து வீழ்தல்
* துழாவுகோல் – பனிக்குள் குத்தித் தேட உதவும் கோல்
* ஆயத்தம் – முன்னேற்பாடு
* நிதானம் – பதற்றமின்மை
* தடம் – அடிச்சுவடு

இலக்கணம் அறிவோம்

செயல் நிகழாமையை உணர்த்தும் எச்சச் சொற்கள் எதிர்மறை எச்சங்கள் ஆகும்.

1. *படாத சரிவு* – ‘படாத’ என்னும் சொல் ‘சரிவு’ என்னும் பெயரைக் கொண்டு முடிகிறது. எனவே, இஃது எதிர்மறைப் பெயரெச்சம்.
2. *அஞ்சாமல் பேசினாள்* – ‘அஞ்சாமல்’ என்னும் சொல் ‘பேசினாள்’ என்னும் வினையைக் கொண்டு முடிகிறது. எனவே, இஃது எதிர்மறை வினையெச்சம்.
3. *ஓயாப் பனி* – ‘ஓயாத’ என்பதன் ஈற்றெழுத்தாகிய ‘த’ கெட்டு நின்றது. எனவே, இஃது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். இதன்பின் வல்லினம் மிகும்.

பயிற்சிகள்

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. சில்லை கலான் எத்தனை நாள் நீடிக்கும்?
அ) பத்து ஆ) இருபது இ) நாற்பது ஈ) அறுபது
2. கண்டோலாவின் இரண்டாம் கட்டம் முடியும் இடம்
அ) தங்மர்க் ஆ) கொங்டூரி இ) பாரமுல்லா ஈ) அபர்வத்
3. ‘அழியாப் புகழ்’ என்பது
அ) எதிர்மறை வினையெச்சம் ஆ) ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் இ) வினைத்தொகை ஈ) உரிச்சொல் தொடர்

ஆ. பெயரெச்சம், வினையெச்சம் எனப் பிரித்து எழுதுக.

செல்லாமல் தங்கினேன், திறக்காத வாய், பேசாத மாணவி, நிற்காமல் சறுக்கினார்.

இ. காலப்பிழையை நீக்கி எழுதுக.

1. நேற்று பனி விழும்.
2. நாளை நாங்கள் மலைக்குச் சென்றோம்.
3. தாத்தா நாளையும் விழுந்தார்.

ஈ. ஓரிரு தொடர்களில் விடையளிக்க.

1. உடற்கல்வி ஆசிரியர் முதல் நாள் வேண்டுமென்றே விழுந்தது ஏன்?
2. மாணவி தமிழில் பேசுவதை நிறுத்தியதற்குக் காரணம் யாது?
3. பனிச்சரிவுப் பகுதிக்குச் செல்வோர் கொண்டுசெல்ல வேண்டிய மூன்று கருவிகள் யாவை?

உ. ஐந்து தொடர்களில் விடையளிக்க.

1. கயிற்றுக்கு அப்பால் செல்லாமைக்கு மூத்தவர் கூறிய காரணங்களைத் தொகுத்து எழுதுக.
2. “அதனால் என் முடிவு தவறு என்றாகிவிடாது” – இக்கூற்றை நீங்கள் ஏற்கிறீர்களா? காரணம் தருக.

ஊ. பேசுக.

நீங்கள் கற்கத் தொடங்கியபோது பலமுறை தவறிய ஒன்றனைப் பற்றி இரண்டு நிமிடம் தமிழில் பேசுக. ஒருவர் பேசி முடிக்கும் வரை மற்றவர் திருத்தக் கூடாது.

எ. செயல்திட்டம்

நீங்கள் வாழும் பகுதியின் மொழியில் மழை, பனி, வெயில் ஆகியவற்றைக் குறிக்கும் சொற்களைப் பெரியவர்களிடம் கேட்டுத் தொகுத்து, அவற்றுக்கு இணையான தமிழ்ச் சொற்களை எதிரே எழுதுக.